சாவியைத் திருப்பிக் கொடுக்குமுன்...

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவர் ஒருவர்)



லேத்தில் திரெட் வெட்டுவது எப்படி, பேரிங் கழற்றுவது எப்படி என்றெல்லாம் நம் மலரில் கட்டுரை வரும். "ரூமைக் காலி பண்றதுக்கும் ஒரு கட்டுரையாடா?" என்று என் ரூம்மேட்டே சிரித்தான். சிரிக்கட்டும். ஹாஸ்டலில் இடம் கிடைக்காமல் பீளமேடு, சிங்காநல்லூர், கணபதி என்று வெளியே லைன் வீடுகளிலும் மொட்டை மாடி ரூம்களிலும் தங்கியிருக்கும் நம்மவர்கள் எத்தனை பேர்! ரூம் பிடிக்க ஆயிரம் பேர் யோசனை சொல்வார்கள். விடுவதற்கு ஒருத்தரும் சொல்வதில்லை. ஆனால் நம் பணம் போவது விடும்போதுதான். இதுவரை இரண்டு ரூம் காலி செய்தவன் நான். ஒன்றில் ஏமாந்தேன், ஒன்றில் தேறினேன். இரண்டையும் கணக்கோடு சொல்கிறேன்.

முதல் ரூம்

முதலாமாண்டில் மூன்று பேர் சேர்ந்து ஒரு மாடி ரூம் எடுத்தோம். வாடகை 3,000 ரூபாய், அட்வான்ஸ் 9,000. ஆளுக்கு 3,000 போட்டோம். என் பங்கை அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கிக் கொடுத்தார். எழுத்தில் எதுவும் கிடையாது. "பசங்க படிக்கிற பசங்க, எதுக்கு அக்ரிமெண்ட்" என்று ஓனர் சொன்னபோது, அடடா, எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்தோம்.

ஏப்ரல் பருவத் தேர்வின் கடைசிப் பேப்பர் முடிந்த அன்று மாலை போய், "சார், நாளைக்குக் காலி பண்றோம்" என்றோம். அவர் கோபப்படவில்லை. உள்ளே போய் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்தார். முன்கூட்டிச் சொல்லாததால் ஒரு மாத வாடகை 3,000. வெள்ளையடிக்க 3,000. கரண்டும் தண்ணீரும் 850. ஃபேன் ரெகுலேட்டரும் டியூப்லைட்டும் 650. ஆக 7,500. மீதி 1,500 ரூபாயை மூன்று ஐந்நூறு தாள்களாக நீட்டினார். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம்.

வீட்டில் சொன்னபோது அப்பா, "விடு கண்ணு. எடம் குடுத்தவங்ககிட்டப் போயி கணக்குக் கேக்கக் கூடாது" என்றார். அவர் பிறந்ததிலிருந்து அடுத்தவர் தோட்டத்தில் வேலை செய்தவர். கணக்குக் கேட்டவன் மறுநாள் வேலைக்குப் போக முடியாது என்பதுதான் அவர் கண்ட உலகம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. குழுக் கடனை மேலும் ஐந்து மாதம் கட்டினார்.

அந்தக் காகிதத்தை நான் பத்திரமாக வைத்திருந்தேன். கோபத்தில் அல்ல. அந்த நான்கு தொகையில் எது நியாயம், எது அநியாயம் என்று எனக்குத் தெரியவில்லை. அது தெரியாததுதான் உறுத்தியது. பிறகு நூலகத்தில் உட்கார்ந்து படித்தும், ஊர்க்காரர் ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் வெகுகாலம் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. அதன் இடத்தில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டம் 22-2-2019 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அட்வான்ஸ், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொண்டிருந்தால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நாம் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். "அப்புறம் பாக்கலாம் தம்பி" என்பதற்கு ஒரு மாதம்தான் கெடு. நம்மைக் கிளப்புவதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்துவதும் கூடாது.

இன்னொன்றும் அதில் உண்டு. சட்டத்தின் கடைசியில் ஒரு அட்டவணை. எந்த ரிப்பேர் யார் தலையில் என்று பிரித்துக் காட்டுகிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், தண்ணீர்க் குழாய் மாற்றுவது, ஒயரிங் வேலை ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. டேப், டேப் வாஷர், சுவிட்ச், சாக்கெட், கதவுப் பூட்டு, உடைந்த ஜன்னல் கண்ணாடி, அடைத்துக்கொண்ட சாக்கடை ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் அதுதான் செல்லும்.

நோட்டீஸ் விஷயத்தில் இன்னும் பழைய சட்டம் ஒன்று இருக்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். அதன் 106ஆவது பிரிவுப்படி, வேறு ஒப்பந்தமோ வழக்கமோ இல்லாத மாத வாடகைக் குடித்தனத்தை முடித்துக்கொள்ள 15 நாள் நோட்டீஸ், எழுத்தில், கையெழுத்தோடு கொடுக்க வேண்டும். அதே சட்டத்தின் 108ஆவது பிரிவு, இடத்தை எப்படி வாங்கினோமோ அப்படியே திருப்பித் தரச் சொல்கிறது. ஆனால் சாதாரணமாகப் புழங்குவதால் வரும் தேய்மானத்துக்கு விலக்கு உண்டு. தேய்மானம் என்றால் நமக்குத் தெரியாதா! புஷ் தேய்வதற்கும் சுத்தியலால் அடித்து உடைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

இப்போது அந்தக் காகிதத்தை மறுபடி பாருங்கள். நோட்டீஸ் இல்லாமல் ஒரே நாளில் கிளம்பினோம். அதில் அவர் பணம் பிடித்ததைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஒரு மாதம் முழுதும் பிடித்தது அதிகம் என்று வேண்டுமானால் வாதாடலாம். ரெகுலேட்டரை உடைத்தது நாங்கள்தான், அதுவும் சரி. வெள்ளையடிக்க 3,000 பிடித்ததுதான் சரியில்லை. எழுத்தில் அப்படி ஒரு நிபந்தனையே இல்லை. கரண்டுக் காசு 850 சரியா தப்பா என்று இன்றுவரை சொல்ல முடியாது. ஏனென்றால் குடிவந்த அன்று சப்-மீட்டரில் என்ன ரீடிங் என்று நாங்கள் மூன்று பேருமே குறித்து வைக்கவில்லை. டிப்ளமா படிக்கிறோம், மீட்டர் பார்க்கவில்லை!

இரண்டாவது ரூம்

2024 ஜூனில் நானும் ஒரு நண்பனும் ஒரு லைன் வீட்டில் ரூம் எடுத்தோம். தேடும்போது நான்கு இடத்தில் ஊர் எது என்று கேட்டார்கள், இரண்டு இடத்தில் "என்ன ஆளுங்க" என்றும் கேட்டார்கள். அந்த இரண்டு இடத்திலிருந்தும் திரும்பி வந்துவிட்டோம். ஐந்தாவதாகக் கிடைத்த இந்த அம்மா, "ராத்திரி பத்து மணிக்கு மேல பாட்டுப் போடக் கூடாது" என்பதைத் தவிர எதுவும் கேட்கவில்லை. வாடகை 3,500, அட்வான்ஸ் 10,500.

இந்த முறை 11 மாத அக்ரிமெண்ட் போட்டோம். அது ஏன் எங்கு பார்த்தாலும் 11 மாதம் என்று கேட்கிறீர்களா? ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பத்திரப் பதிவு செய்ய வேண்டும் என்பது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். அதற்குள் நிற்க 11 மாதம் என்று பழகிவிட்டார்கள். புதிய சட்டம் எல்லா ஒப்பந்தத்தையும் பதியச் சொன்னாலும் பழக்கம் விடவில்லை.

அப்போது எனக்கு 16 வயது. 18 முடியாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது. ஆகவே அப்பாவை வரவழைத்து அவர் பெயரில் எழுதினோம். அப்பா படித்தது மூன்றாம் வகுப்பு. தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, பேனாவை அழுத்திப் பிடித்து எழுதி முடிக்கும்வரை அந்த அம்மாவும் நானும் சும்மா நின்றோம். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அக்ரிமெண்ட் யார் பெயரிலோ, காலி செய்யும் கடிதமும் அவர் கையெழுத்தில்தான் போக வேண்டும். நம்மில் பாதிப் பேர் இதைக் கவனிப்பதில்லை. சீனியர் பெயரில் ரூம் இருக்கும், சீனியர் படிப்பு முடிந்து ஓசூருக்கு வேலைக்குப் போயிருப்பான், அட்வான்ஸ் அவன் பெயரில் நிற்கும். கடைசியில் காலி செய்யும் ஜூனியர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பான். ஆள் மாறும்போதே உரிமையாளரிடம் சொல்லிப் பெயரை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.

குடிவந்த அன்றே மொபைலில் போட்டோ எடுத்தோம். நாலு சுவர், தரை, கதவின் இரண்டு பக்கம், பாத்ரூம், சப்-மீட்டர். மீட்டரில் புள்ளிக்குப் பின்னால் உள்ள சிவப்பு எண்ணை விட்டுவிட்டு 1846 யூனிட். அந்தப் போட்டோவை அந்த அம்மாவின் மகனுக்கு அன்றே வாட்ஸ்அப் செய்தோம். நாம் மட்டும் வைத்திருக்கும் போட்டோவைவிட, அவர்களிடமும் அதே தேதியில் இருக்கும் போட்டோவுக்குத்தான் மதிப்பு.

எப்போது சொல்வது?

ஒரு வருடம் கழித்து என் நண்பனுக்கு ஹாஸ்டலில் இடம் கிடைத்தது. தனியாக 3,500 கட்ட என்னால் முடியாது. வேறு மூன்று பேரோடு சேர முடிவு செய்தேன். அக்ரிமெண்ட் மே மாதமே முடிந்து, யாரும் புதுப்பிக்காமல் மாத வாடகையாக ஓடிக்கொண்டிருந்தது. சட்டப்படி 15 நாள் போதும் என்று சிலர் சொன்னார்கள். பழைய அக்ரிமெண்டில் ஒரு மாதம் என்று எழுதியிருந்தது. அதையே மதித்து நடப்பதுதான் நமக்குப் பாதுகாப்பு என்று நினைத்தேன்.

ஆனால் நாளை எண்ணுவதைவிட முக்கியம் மாதம் பார்ப்பது. ஜூலை 17இல் ஆடி பிறக்கிறது. ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள். நாம் ஆடி பிறந்து காலி செய்தால் அந்த ரூம் ஆவணி வரை பூட்டிக் கிடக்கும். மார்கழியும் அப்படித்தான். ஒரு மாத வாடகை போகிற வயிற்றெரிச்சலில் இருப்பவரிடம் அட்வான்ஸ் கேட்டுப் பாருங்கள், எங்கே எதைப் பிடிக்கலாம் என்றுதான் அவருக்குத் தோன்றும். ஜூன், ஜூலையில் புதுப் பையன்கள் ரூம் தேடி வருவார்கள். ஆகவே ஜூன் 4ஆம் தேதி சொல்வது, ஜூலை 5க்குள் காலி செய்வது என்று நாள் குறித்தேன்.

இதில் ஒளிந்திருக்கும் விஷயம் ஒன்று உண்டு. நாம் கொடுத்த அட்வான்ஸ் பீரோவில் ஒரு கவரில் நம் பெயர் எழுதி இருப்பதாக நினைக்கிறோம். கிடையவே கிடையாது! அது என்றைக்கோ போர் மோட்டாருக்கோ மகள் சீருக்கோ போய்விட்டது. வரப்போகிறவன் கொடுக்கும் அட்வான்ஸில்தான் போகிறவனுக்குத் திருப்பிக் கொடுப்பார்கள். ஆக, நம் பணம் சீக்கிரம் கைக்கு வர வேண்டுமென்றால் நமக்குப் பின்னால் ஒருத்தன் வர வேண்டும். நானே நம் நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்டினேன். இரண்டாமாண்டில் நேரடியாகச் சேர்ந்த இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். அவர்கள் பார்க்க வரும் நாளில் துணி மூட்டையை எல்லாம் கட்டிலுக்கு அடியில் தள்ளி, ரூமைப் பெருக்கி வைத்தேன். பத்தியும் ஏற்றி வைத்தேன் என்றால் நம்புவீர்களா?

வாய் முதலில், தாள் பிறகு

கடிதம் எழுதி ஊருக்குப் போய் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "இப்படித் தாளு குடுத்தா அந்தம்மா கோவிச்சுக்காதா?" என்று தயங்கினார். அவர் கேட்டது நியாயம்தான். திடீரென்று கடிதத்தை நீட்டினால் வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கும். ஆகவே முதலில் நேரில் சொல்லிவிட வேண்டும். கடிதம் அதே நாளில், அந்தப் பேச்சின் முடிவில்.

மாலை நேரம் பார்த்துப் போனேன். வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏங் கண்ணு, இங்க என்ன கொறை உனக்கு?"

"கொறை ஒண்ணும் இல்லீங்கம்மா. அவனுக்கு ஹாஸ்டல் கெடச்சிருச்சு. தனியா என்னால கட்ட முடியாதுங்க."

சற்று நேரம் பேசவில்லை. "சரி, எப்பப் போற?" என்றார். தேதி சொன்னேன். ஆடிக்கு முன்னாடியே என்றதும் முகம் கொஞ்சம் தெளிந்தது. பிறகு கடிதத்தை எடுத்தேன். "எனக்கெதுக்குச் சாமி லெட்டரு, நா என்ன கலெக்டரா?" என்று சிரித்தார். "தேதி மறந்திரக் கூடாதுங்கம்மா, அதுக்குத்தான்" என்றேன். இரண்டு பிரதி கொண்டுபோயிருந்தேன். ஒன்றை அவர் வைத்துக்கொண்டார். இன்னொன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதித் தேதி போட்டு வாங்கிக்கொண்டேன். கடிதம் இதுதான். பெயரை மாற்றி யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்:

"மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம். தங்கள் லைன் வீட்டில் மூன்றாம் எண் ரூமை 2024 ஜூன் முதல் மாதம் 3,500 ரூபாய் வாடகைக்கு எடுத்து, என் மகனும் அவன் நண்பனும் தங்கி வருகிறார்கள். வருகிற 5-7-2025க்குள் ரூமைக் காலி செய்து சாவியை ஒப்படைக்கிறோம். இக்கடிதத்தை ஒரு மாத முன்னறிவிப்பாக ஏற்றுக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் செலுத்தியுள்ள அட்வான்ஸ் 10,500 ரூபாய். காலி செய்வதற்கு ஒரு வாரம் முன்பு தாங்கள் ஒருமுறை ரூமைப் பார்த்து, சரிசெய்ய வேண்டியது ஏதும் இருந்தால் சொன்னால் செய்து கொடுத்துவிடுகிறோம். இதுவரை எங்கள் பிள்ளைகளை நல்லபடியாகப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி."

கடைசி வரி அப்பா சேர்க்கச் சொன்னது. அதைப் படித்துவிட்டுத்தான் அந்த அம்மா கையெழுத்துப் போட்டார்.

சிலர் வாங்க மறுப்பார்கள். அவர்களுக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ரிஜிஸ்தர் தபால் என்று போய்க் கேட்காதீர்கள், 2025இல் அது ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்க்கப்பட்டுவிட்டது. கூடவே கடிதத்தின் போட்டோவை வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவிடுங்கள்.

கடைசி மாத வாடகை

"கடைசி மாசம் வாடகை குடுக்காத, அட்வான்ஸ்ல கழிச்சுக்கச் சொல்லு" என்பது நம் சீனியர்கள் வழிவழியாகச் சொல்லும் உபதேசம். கேட்டுவிட்டுச் செய்தால் இது நல்ல யோசனைதான். திரும்பி வர வேண்டிய தொகை குறையும், அவருக்கும் ஒரே நேரத்தில் பெரிய தொகை புரட்ட வேண்டியிருக்காது. கேட்காமல் செய்தால் அது வாடகை பாக்கி. நான் கேட்டேன். "அதுவும் சரித்தான்" என்றார். 10,500இல் 3,500 போக மீதி 7,000.

நோட்டீஸ் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஜூன் கடைசியில் அந்த அம்மா ரூமைப் பார்க்க வந்தார். மேற்குச் சுவரைப் பார்த்ததும் "அய்ய சாமி!" என்றார். என் நண்பன் ஒட்டியிருந்த புல்லட் வண்டிப் படம்! டபுள் டேப் போட்டு ஒட்டியிருந்தான். கழற்றும்போது வெள்ளையும் பெயர்ந்து, உள்ளங்கை அகலத்துக்கு ஏழெட்டு இடத்தில் சிமெண்ட் தெரிந்தது. போதாததற்கு ஐந்து ஆணி ஓட்டை. வெள்ளையடிக்க 1,500 பிடிப்பேன் என்றார்.

சட்டப்படி வெள்ளையடிப்பது உங்கள் பொறுப்பு என்று எனக்குப் பேசத் தெரியும். அட்டவணையே மனப்பாடம். ஆனால் மற்ற மூன்று சுவர் மங்கியது தேய்மானம். இந்தச் சுவர் நாங்கள் செய்த சேதம். இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேச எனக்கு மனம் வரவில்லை. "இந்த ஒரு செவுத்த நாங்களே அடிச்சுக் குடுத்தர்றோங்கம்மா. மத்தது பழசானதுதானுங்களே" என்றேன். "உங்களுக்கு அடிக்கத் தெரியுமா?" என்றார். சிவில் படிக்கும் நண்பன் இருக்கிறான் என்றேன்.

அவன் சொல்லிக்கொடுத்தபடி செய்தோம். முதலில் பெயர்ந்த ஓரங்களைச் சுரண்டி, ஆணி ஓட்டையில் கெட்டியாகக் குழைத்த ஒயிட் சிமெண்டை வைத்து அடைத்தோம். மறுநாள் சுவரை நன்றாகத் தண்ணீரில் நனைத்தோம். காய்ந்த சுவரில் அப்படியே அடித்தால் சுவர் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், ஒயிட் சிமெண்ட் பிடிக்காமல் மாவாக உதிரும். நீர்க்கக் கரைத்து ஒரு கோட், காய்ந்த பின் குறுக்காக இன்னொரு கோட். பிறகு இரண்டு நாள் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தோம். கான்கிரீட்டுக்கு க்யூரிங் என்று பரீட்சையில் எழுதுகிறார்களே, அதேதான். ஐந்து கிலோ ஒயிட் சிமெண்டும் பிரஷ்ஷும் சேர்த்து 500க்குள் முடிந்தது. படம் ஒட்டியவன் கொடுத்தான், நான் பங்கு கொடுக்கவில்லை. மற்ற மூன்று சுவரைவிட அது பளிச்சென்று தெரிந்தது மட்டும்தான் குறை.

பாத்ரூம் டேப் ஒழுகியது, வாஷர் மாற்றினேன். சாக்கடைத் துவாரத்தில் முடி எடுத்தேன். இவை எல்லாம் நம் ஷாப்பில் செய்யும் வேலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் உரிமையாளர் ஆள் வைத்துச் செய்தால் கூலி நம் தலையில்தான்.

பங்குக்காரர் கதை

இங்கே ஒரு சின்ன விலகல். ஒரு ரூமில் நாலு பேர் இருந்து, ஒருத்தன் மட்டும் இடையில் போனால் என்ன செய்வது? அவன் பங்கு அட்வான்ஸை உரிமையாளர் தர மாட்டார், தரவும் வேண்டியதில்லை. ரூம் இன்னும் காலியாகவில்லை. இருக்கும் மூன்று பேர்தான் கொடுக்க வேண்டும், அல்லது புதிதாக வருபவன் கொடுக்க வேண்டும். இதில்தான் நம் கல்லூரியில் நட்புகள் உடைந்திருக்கின்றன. சேரும்போதே ஒரு நோட்டில் யார் எவ்வளவு போட்டார்கள், இடையில் போகிறவன் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். நண்பனுக்குள் என்ன எழுத்து என்று கேட்பவனிடம்தான் முதலில் வாங்க வேண்டும். ஹாஸ்டல் மாதிரி கட்டில் கணக்கில் பணம் வாங்கும் இடங்கள் வேறு. அங்கே சேரும்போது கையெழுத்துப் போட்ட பாரத்தில் உள்ளதுதான் பேசும். படித்துவிட்டுப் போடுங்கள்.

கடைசி நாள்

ஜூலை 5 சனிக்கிழமை. முந்தின நாள் வெள்ளி. "வெள்ளிக்கெழம நா காசு வெளிய குடுக்க மாட்டேன், சனிக்கெழம வேண்டாம். வெசாழக்கெழமையே போயிரு" என்றார் அம்மா. இதில் எல்லாம் வாதாடக் கூடாது. 3ஆம் தேதி வியாழனே கிளம்பினோம். எங்கள் சாமான் ஒரு குட்டியானைக்குப் பாதிகூட இல்லை. அதே தெருவில் காலி செய்த இன்னொரு நண்பனோடு சேர்ந்து வாடகையைப் பிரித்துக்கொண்டோம்.

முந்தின வாரமே பால்காரர், மெஸ், ஐயர்ன் கடை பாக்கிகளைத் தீர்த்துவிட்டேன். தெருவில் ஒரு இடத்தில் பாக்கி வைத்தாலும் அது வீட்டுக்கார அம்மாவின் காதுக்குத்தான் போகும். பாங்க்கில் முகவரி மாற்றினேன். ஸ்காலர்ஷிப் தபால் வந்தால் என் நம்பருக்குப் போன் செய்யும்படி தபால்காரரிடம் சொன்னேன். மொபைலில் ஆர்டர் போடும் முகவரியை மாற்ற மறந்து, ஒரு ஷூ பழைய ரூமுக்குப் போனது வேறு கதை.

சாமான் இறங்கியதும் காலி ரூமைக் கழுவிவிட்டு, குடிவந்த அன்று எடுத்த அதே கோணத்தில் மறுபடி போட்டோ எடுத்தேன். பிறகு அம்மாவை அழைத்து ஒரு தாளில் எழுதினோம்: ஃபேன் 1, டியூப்லைட் 1, கொடிக் கம்பி 2, பூட்டு 1, சாவி 3. சாவி இரண்டுதான் கொடுத்தார்கள், மூன்றாவது நாங்கள் வெட்டியது. அதையும் கொடுத்துவிட வேண்டும். பின்னால் எதுவும் காணாமல் போனால் நம் பெயர் வரக் கூடாது. மீட்டர் 2429. போன கணக்கெடுப்பில் 2391. நாங்கள் தர வேண்டியது 38 யூனிட்.

உடனே காசு கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. லைனில் நான்கு ரூமுக்கும் சேர்த்து ஒரே மின் இணைப்பு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் பில். மொத்த யூனிட் ஏற ஏற ஸ்லாப் மாறி ரேட்டும் ஏறும். பில் வந்து, மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்தால்தான் யூனிட் என்ன விலை என்று தெரியும். ஆகவே 500 ரூபாய் அவரிடம் நிறுத்தி வைப்பது, பில் வந்ததும் கழித்துக்கொண்டு மீதி தருவது என்று அதே தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். புதுப் பையன்கள் ஒன்றாம் தேதியே அட்வான்ஸ் கொடுத்திருந்தார்கள். 6,500 ரூபாயை எண்ணிக் கையில் கொடுத்தார். ஆளுக்கு 3,250. அம்மாவின் குழுக் கடனில் இந்த முறை ஒரு தவணைகூட இதற்காக நீளவில்லை.

இரவு அப்பா போன் செய்தார். பணம் வந்ததா என்று கேட்பார் என்று நினைத்தேன். "கணக்கு எழுதிக் குடுத்தாங்களா கண்ணு?" என்றுதான் முதலில் கேட்டார்.

எல்லோருக்கும் இப்படி அமையாது என்பது எனக்குத் தெரியும். ஒரு மாதம் கழித்தும் தராவிட்டால் முதலில் தேதி குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். பிறகு அந்தத் தெருவில் அவர் மதிக்கும் பெரியவர் யாரையாவது அழைத்துப் பேசுங்கள். கடைசியில் வாடகை அதிகாரி இருக்கிறார். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர். அவரிடம் போக எழுத்தில் ஒப்பந்தமும் ரசீதும் இருந்தால்தான் பேச்சு எடுபடும். மூவாயிரம் ரூபாய்க்காக அலைந்தால் அட்டெண்டன்ஸ் போய்விடும் என்பதும் உண்மை. ஆகவே நம் யூனியன் ஒரு காரியம் செய்யலாம். யூனியன் அறையில் ஒரு நோட்டு வைத்து, எந்தத் தெருவில் என்ன வாடகை, எவ்வளவு அட்வான்ஸ், காலி செய்தபோது எவ்வளவு திரும்பி வந்தது என்று எழுதி வைக்க வேண்டும். ஒரே இடத்தில் மூன்று பேருக்குத் திரும்பவில்லை என்றால் நான்காவது ஆள் அங்கே போக மாட்டான். செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். நோட்டு வாங்கக் காசு இல்லை என்றார். நோட்டு நான் வாங்கித் தருகிறேன்.

ஆகஸ்டில் பில் வந்ததாக அம்மா போன் செய்தார். யூனிட் 7 ரூபாய் வீதம் 38க்கு 266. மீதி 234 ரூபாய் வாங்கப் போனேன். இரண்டு முறுக்கும் கொடுத்தார். எங்கள் ரூம் கதவு திறந்திருந்தது. புதுப் பையன் ஒருத்தன் நாற்காலியில் ஏறி நின்று, நாங்கள் வெள்ளையடித்த அதே சுவரில் ஒரு கிரிக்கெட் வீரர் படத்தை ஒட்டிக்கொண்டிருந்தான். கையில் டபுள் டேப்!